தங்கை எடுத்த படங்கள்

தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பெண்கள் விடிந்ததிலிருந்தே உட்கார்ந்திருந்தார்கள். மருந்தடிக்கும் கும்பல் ஒரு பக்கம். பிள்ளை பார்க்கும் ஆயாக் கொட்டாயிலும் ஆபீசிலும் வேலை செய்கிறவர்கள் எதிர்ப்பக்கம். ஞாயிற்றுக்கிழமை, செம்பனைக் காட்டில் வேலை இல்லை. ஆனாலும் ஒருத்திகூட வீட்டுத் துணியோடு வரவில்லை. பெட்டிக்கு அடியில் கிடந்த சேலைகள் எல்லாம் வெளியே வந்திருந்தன. மண்டபம் முழுக்கப் பாச்சை உருண்டை வாசமும் மல்லிகை வாசமுமாக இருந்தது.

"எல்லாரும் கைய நல்லாக் கழுவினீங்கல்ல?" என்று பவுனம்மா கேட்டாள். மருந்தடிக் கும்பலுக்கு அவள்தான் பெரியவள்.

"கழுவாமலா வருவோம். நீ என்ன வேல வாங்குற மண்டோரா?" என்றாள் காத்தாயி. "ஒன் தங்கச்சி டாக்டரோட வராங்கிறதுக்காக ரொம்பத்தான் வெரட்டுற."

பவுனம்மாவுக்கு அது குறையாகப் படவில்லை. தங்கச்சி தனேஸ்வரி அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. தாதிப் படிப்புப் படித்து, இப்போது பட்டணத்துப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஞானராஜின் ஆய்வுக்கு உதவியாளாக இருக்கிறாள். களை கொல்லும் நீல மருந்து அதை அடிக்கிற பெண்களை என்ன செய்கிறது என்பதுதான் ஆய்வு. அடிக்கிறவர்களையும் அடிக்காதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கெடுதல் என்று தெரிந்தால் பெண்கள் அத்தனை பேரையும் உதிர்ந்த செம்பனைக் கொட்டை பொறுக்க மாற்றிவிடுவதாகவும், சம்பளத்தில் கை வைப்பதில்லை என்றும் மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரைக்கும் யாரையும் மாற்ற முடியாது என்பதும் அதே வாயால் சொன்னதுதான்.

பவுனம்மாவின் மருமகள் கஸ்தூரி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைப் பிள்ளை. வயிறு இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. போன வாரம்கூட மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு போய், பாதி வரிசையில் மூக்கில் ரத்தம் கொட்டி உட்கார்ந்துவிட்டாள். அவள் வயிறு நிறைவதற்குள் ஆய்வு முடிய வேண்டும் என்று பவுனம்மா முனியாண்டிக்கு ஒரு சேவல் நேர்ந்திருந்தாள்.

வேன் வந்து நின்றது. தனேஸ்வரி வெள்ளைக் கோட்டோடு இறங்கிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். முதல் வரிசையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மடியில் வைத்திருந்த கைகள் எல்லாம் செக்கச்செவேலென்று இருந்தன. விரல் நுனியும் நகமும் ஒரே சிவப்பு.

"அக்கா, என்னக்கா இது?"

"ஏன், செவக்கலையா?" என்றாள் பவுனம்மா.

குற்றம் பவுனம்மாவுடையது என்றும் சொல்ல முடியாது. "நகத்தத்தான் முக்கியமாப் பாப்பாங்க, எல்லாரையும் கூட்டிட்டு வா" என்று போனில் சொன்னவள் தனேஸ்வரிதான். நீல மருந்து தொட்டி வாயிலிருந்து ஒழுகி விரலில் இறங்கும். நகம் வெள்ளை வெள்ளையாய் வரி விழுந்து, ஓரம் பழுத்து, கடைசியில் வேரோடு கழன்று வரும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாற அந்தக் கையை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். கும்பலில் பாதிப் பேர் விசேஷங்களில் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டே இருந்து பழகியவர்கள். பட்டணத்து டாக்டர் அந்த நகத்தைப் பார்க்கப்போகிறார் என்றால் அப்படியேவா நீட்டுவது? பவுனம்மா லயத்து வீடுகளுக்குப் பின்பக்கம் இருந்த மருதாணியை மொட்டையடித்து, அம்மியில் அரைத்து, வீடு வீடாகக் கொடுத்திருந்தாள். ஆயாக் கொட்டாய்ப் பெண்கள், நாங்கள் மட்டும் என்ன பாவம் செய்தோம் என்று கேட்க, அவர்களுக்கும் ஆளுக்கு ஓர் உருண்டை.

"அழிக்க முடியாதேக்கா. நகம் வளந்து வெளிய வர மாசக்கணக்கு ஆகுமே."

"அசிங்கமா இருக்கக் கூடாதுன்னுதான்..." பவுனம்மா கைகளை மடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஞானராஜ் டார்ச் அடித்து ஒவ்வொரு கையாகப் பார்த்தார். நல்ல மனிதர். அவருடைய அம்மாவும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்தான். அதனால் பெண்களோடு தமிழிலேயே பேசினார், காத்தாயியின் மூட்டு வலிக்குக்கூட மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். ஆனால் வேலை நிறுத்திய மூன்றாம் நாள் உடம்பில் அந்த மருந்தின் தடம் இருக்காது, தீபாவளி விடுமுறை அப்போதுதான் முடிந்திருந்தது. நகம் மட்டும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

"எல்லாம் ஒரே செவப்பா இருக்கே, தனேஸ். இதுல நான் எதப் பாக்கிறது?"

"என்கிட்ட படம் இருக்கு சார்," என்றாள் தனேஸ்வரி. "போன மாசம் பேர் எழுத வந்தப்ப எல்லாரோட கையையும் கேமராவில எடுத்து வச்சேன். பக்கத்துலேயே பேர்ச் சீட்டும் இருக்கு. ரெண்டு பக்கத்து ஆளுங்களோடதும் இருக்கு."

"நான் கேக்கலியே."

"சும்மா எடுத்தேன் சார். ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டுமேன்னு."

டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு, அவள் நீட்டிய கேமராவில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் தெளிந்து சிரித்தார். "பொழச்சோம். கெட்டிக்காரி நீ."

அன்றைக்கு மத்தியானம் பவுனம்மா வீட்டில் கோழிக் குழம்பு வைத்தாள். டாக்டருக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு நெறிக் குழு கூடியது அதற்கடுத்த மாதம். ஆய்வில் இருக்கும் ஒவ்வொருவரும் வந்து, இதில் தனக்கு ஏதாவது சொந்த ஆதாயம் உண்டா என்று சொல்ல வேண்டும். ஆய்வு யார் பக்கமும் சாயக் கூடாது என்பதற்காக வைத்திருக்கிற முறை அது. குளுகுளு அறை, நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். குழுவின் தலைவி மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி டாக்டரைப் பார்த்தார்.

ஞானராஜ் எதையும் மறைக்கவில்லை. பரிசோதனைக் கூடத்துக்கு இயந்திரம் வாங்கப் பணம் கொடுத்தது நீல மருந்து செய்கிற கம்பெனி. அந்தக் கம்பெனியின் ஆலோசனைக் குழுவில் அவருக்கு ஓர் இடம் உண்டு. வெளிநாட்டு மாநாடுகளுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பதும் அவர்கள்தான். கடைசியில், அறிக்கையில் ஒரு வார்த்தையைக்கூட கம்பெனி தொட முடியாது என்றும் சொன்னார்.

"இவ்வளவு வெளிப்படையாச் சொன்னதுக்கு நன்றி டாக்டர்," என்றார் தலைவி. "அறிக்கையோட கடைசிப் பக்கத்துல இத ஒரு வரியாப் போட்டுடுங்க. அது போதும்."

பிறகு தனேஸ்வரியின் முறை வந்தது.

"எனக்கு யாரும் எதுவும் குடுக்கல மேடம்."

"உறவுக்காரங்க யாராச்சும் ஆய்வுல இருக்காங்களா?"

குழுவில் யாருக்கும் அந்தத் தோட்டம் தெரியாது. டாக்டருக்குக்கூட அவள் அந்தத் தோட்டத்துப் பிள்ளை என்ற அளவுக்குத்தான் தெரியும், லயத்தில் யாரைப் பார்த்தாலும் அக்கா அத்தை என்றுதானே கூப்பிடுவார்கள். தனேஸ்வரி போத்தலின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். இல்லை என்றால் முடிந்துவிடும்.

"எங்க அக்கா இருக்காங்க மேடம். என்னை வளத்தவங்க. அவங்க மருமகளும் இருக்கா, மாசமா இருக்கா."

மேசையைச் சுற்றிப் பேனாக்கள் நின்றன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தலைவி பேசினார். குரலில் கடுமையே இல்லை, தாதிமார் பிள்ளைகளிடம் பேசுவதுபோல்தான் பேசினார்.

"பணம்னா எவ்வளவு, யார் குடுத்தான்னு எழுதிக் காட்டிடலாம்மா. பாசத்த எப்படி எழுதிக் காட்டுறது? நீ ஆய்விலேர்ந்து வெலகிக்கிறதுதான் முறை. நீ தனியா எடுத்த படங்களையும் சேக்க முடியாது. அறிக்கை வர்றவரைக்கும் ஆய்வுல இருக்கிறவங்களப் போய்ப் பாக்கவும் கூடாது. ஒன்னோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கார் நிறுத்தும் இடத்தில் தனேஸ்வரி ஞானராஜைப் பிடித்துவிட்டாள்.

"சார், இது நியாயமா சார்? கம்பெனி காச வாங்குற நீங்க உள்ள இருக்கீங்க. ஒரு காசு வாங்காத நான் வெளிய நிக்கிறேன்."

"நான் சொல்லிட்டுத்தானே வாங்குறேன்."

"நானும் சொல்லிட்டுத்தானே நிக்கிறேன்."

ஞானராஜ் கார்ச் சாவியைக் கையில் உருட்டினார். "அந்தப் பணம் இல்லன்னா இந்த ஆய்வே கிடையாது, தனேஸ். அரசாங்கத்துக்கிட்ட எத்தன வருஷம் கேட்டேன் தெரியுமா? தோட்டத்து ஜனங்களப் பத்தி ஆராயப் பணம் குடுக்கிறவன் எவன் இருக்கான், சொல்லு. இதாச்சும் நடக்கட்டும்னுதான் கைய நீட்டினேன்."

"அப்ப நாலு மாசம் பொறுங்க சார். மருதாணி போயிரும். வேற ஆள அனுப்பி நகத்தப் பாருங்க. நான் அந்தப் பக்கமே வரல."

"கம்பெனி குடுத்த கெடு முடியுது. சுகாதார அமைச்சும் அறிக்கைக்காகக் காத்துக்கிட்டு இருக்கு." அவர் அவளைப் பார்க்கவில்லை. "பாத்த வரைக்கும்தான் எழுத முடியும்."

"நீங்க படத்தப் பாத்தீங்க சார்."

அவர் கார்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கி, இன்னொரு துறையில் அவளுக்கு வேலைக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அதையும் நிஜமாகவே செய்தார்.

இரண்டு நாள் கழித்துத்தான் தனேஸ்வரிக்கு அக்காவைக் கூப்பிடத் தைரியம் வந்தது. போனில் கோழி கத்துவது கேட்டது. நடந்ததை எல்லாம் அவள் சொல்லி முடித்தாள்.

"அப்ப நான் அரைச்சதுதான் கெடுத்துருச்சா?"

"இல்லக்கா. படம் இருந்துச்சுல்ல. நான் எடுத்ததாலதான் வேணாம்னுட்டாங்க. நீ எனக்கு அக்காங்கிறதால."

பவுனம்மா கோழியைச் சூ சூ என்று விரட்டினாள். பிறகு மெல்லக் கேட்டாள். "ஒரு வார்த்தை, அக்கா இல்லன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நான் கோவிச்சுக்க மாட்டேனே பாப்பா."

தனேஸ்வரிக்கு அழுகைதான் வந்தது. அந்தப் பக்கம் அக்கா, "சரி விடு, சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அறிக்கை வந்ததும் ஞானராஜ் தோட்டத்துக்கு நேரிலேயே வந்தார். கலந்துகொண்டவர்களுக்கு முடிவைச் சொல்லியாக வேண்டும் என்பதும் ஒரு முறை. மண்டபத்தில் நாற்காலி போட்டு மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி சார்பாக ஆளுக்கொரு பால்மாவு டின் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

"மருந்து அடிக்கிறவங்க, அடிக்காதவங்க, ரெண்டு பக்கத்து நகத்தையும் ஒப்பிட்டுப் பாத்தோம்," என்றார் ஞானராஜ். தாளைப் பார்த்தே படித்தார். "வித்தியாசம்னு சொல்ற மாதிரி எதுவும் தென்படல."

மேனேஜர் கை தட்டினார். அவர் தட்டியதால் பெண்களும் தட்டினார்கள். கஸ்தூரி தூணைப் பிடித்து எழுந்து நின்றாள். நிறைமாதத்துக்கு அதிக நாள் இல்லை.

"அப்ப எங்க நகம் ஏன் சார் விழுது?"

டாக்டர் தாளைத் திருப்பினார், பின்பக்கம் ஒன்றும் இல்லை. "சத்துக் குறைவா இருக்கலாம்மா. பால்மாவு குடுக்கிறாங்க பாரு, தெனமும் கரைச்சுக் குடி."

"கஸ்தூரிய மட்டுமாவது மாத்திக் குடுங்க சார்," என்று பவுனம்மா மேனேஜரைக் கேட்டாள். "பிள்ள பொறக்கிற வரைக்கும்."

"டாக்டரே சொல்லிட்டாரே பவுனம்மா, கெடுதல் ஒண்ணும் இல்லன்னு. இவள மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க." மேனேஜர் குரலில் பகை எதுவும் இல்லை. "அஞ்சு மாசமா இதுக்குத்தானே காத்திருந்தோம்?"

மறுநாள் காலைப் பிரட்டில் மண்டோர் பெயர் கூப்பிட்டு முடித்திருந்தார். மருந்துக் கொட்டகைக்கு முன்னால் வரிசையாகத் தொட்டிகளில் நீலத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார்கள். கஸ்தூரி குனிய முடியாமல் நின்றாள். காத்தாயி தொட்டியைத் தூக்கி அவள் முதுகில் ஏற்றினாள், பவுனம்மா தோள் பட்டைகளைச் சரிசெய்தாள். இடுப்புப் பட்டையைச் சுற்றிக் கொண்டுவந்தபோது வயிற்றைத் தாண்டி இரண்டு நுனியும் எட்டவில்லை.

"கட்டாம விட்டா என்ன அத்தை?"

"ஆடும். ஆடினா மேல ஊத்தும்."

"சீக்கிரம் லா, பவுனு. வெயில் ஏறிடும்," என்று மண்டோர் குரல் கொடுத்தார்.

பவுனம்மா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். ஓரத்தைப் பல்லால் கடித்து நீளமாக ஒரு பட்டை கிழித்தாள். அதை இடுப்புப் பட்டையின் ஒரு நுனியில் முடிந்து, பிள்ளை உதைத்துக்கொண்டிருந்த வயிற்றின் மேல் இழுத்து, மறுநுனியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.