நாக்கு இல்லாத மணி

அன்று காலை இன்ஸ்ஃப்ரான் வீட்டுப் பின்கட்டில் இருந்தவர்கள் நான்கே பேர். பிரம்பு நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த தோன் கிறிசாந்தோ. மர உரலில் தெரெரே பானத்துக்கு மூலிகை இடித்துக்கொண்டிருந்த அவருடைய தங்கை எதுவிகிஸ். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு மருமகன் எர்மெஸ். புளிப்பு ஆரஞ்சு பறித்துப்போக வந்திருந்த பக்கத்து வீட்டுத் தொமாசா வில்யால்பா. ஐந்தாவதாக ஒருவர் இருந்து பார்த்ததாகச் சொல்வது பொய்.

எர்மெஸ் இரண்டு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பெரிய போரில் ஊரைவிட்டு ஓடியவர்கள் வெள்ளியைப் புதைத்துவிட்டுப் போனார்கள். பராகுவேயில் அப்படியொரு புதையல் தன் வீட்டடியில் இருப்பதாக நம்பாத ஆள் கிடையாது. பேராசையோடு தோண்டினால் எல்லாம் கரியாகிவிடும் என்பதும் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தோன் கிறிசாந்தோ பிடி கொடுக்கவில்லை. முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் எர்மெஸ் சிரித்துக்கொண்டே, "என்ன மாமா, பயமா?" என்று கேட்டுவிட்டான்.

"எங்க மண்ணுல ஒண்ணும் கெடையாது. இருந்ததையெல்லாம் நாட்டுக்குக் குடுத்த குடும்பம் இது. தோண்டு. நல்லாத் தோண்டிப் பாத்துட்டு அந்தக் கருவி எழவை வித்துத் தொலை."

தொண்ணூறு வருஷமாகப் பள்ளிக்கூடப் படிக்கட்டில் இன்ஸ்ஃப்ரான்கள்தான் பேசுகிறார்கள், முதலில் அப்பா, பிறகு இவர். மார்ச் முதல் தேதி, வீரர்கள் நாளில். சொல்வது ஒரே கதை. பெரிய போரில் பீரங்கி வார்க்கக் கோயில் மணியை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. இவருடைய பூட்டன் மாட்டு வண்டியோடு போய் நின்றபோது கோபுரத்தில் மணி இல்லை. சாவி வைத்திருந்தவன் கோயில் பணியாள் ப்ளாஸ் வில்யால்பா. அவனை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். அப்பா சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தோன் கிறிசாந்தோ சொல்வார். வில்யால்பா வீட்டுப் பிள்ளைகளை ஊர் இன்னமும் மணித்திருடன் என்றுதான் கூப்பிடும். தொமாசா அந்த ஒரு நாள் மட்டும் வெளியே வரமாட்டாள். மற்றபடி வேலிக்கு மேலே சூப்புக் கிண்ணமும் ஆரஞ்சும் போய்வரும்.

மாமரத்தடியில் கருவி கத்தியது. எர்மெஸ் இடுப்பளவு தோண்டினான். "பழைய கலப்பையாத்தான் இருக்கும், மூடுடா," என்று தோன் கிறிசாந்தோ சொல்லி வாய் மூடுமுன் மண்வெட்டி எதிலோ பட்டது. கணீரென்று ஓர் ஓசை எழுந்து, மண்ணுக்குள்ளேயே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அடங்கியது. வேலிக்கு அப்பால் யாரோ துணி துவைப்பதை நிறுத்தினார்கள்.

கயிறு கட்டி மேலே இழுத்தபோது அது ஒரு மணி, கைக்குழந்தை அளவே இருந்தது. எர்மெஸ் ஈரத் துணியால் துடைத்தான். விளிம்பில் கோயில் புனிதரின் பெயர்.

"மாமா, உள்ளே நாக்கைக் காணோம்."

எதுவிகிஸின் கை நின்றது. அவள் பிடித்திருந்த இரும்பு உலக்கையை அவளே அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒரு முனை உருண்டை, மறு முனையில் கொக்கி. தோன் கிறிசாந்தோ பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வீட்டில் மூலிகை இடித்த இரும்பு.

"வேண்டாம்," என்றார் அவர்.

அவள் எழுந்து வந்து மணியைச் சாய்த்து, உள்ளே கையை விட்டாள். வளையத்தில் கொக்கி சரியாக விழுந்தது.

"அண்ணே," என்றாள் எதுவிகிஸ். "இதை மட்டும் யாருக்கும் இரவல் குடுத்துராதேடின்னு அம்மா சொல்லுவா. எதுக்குன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லையே."

தொமாசா கூடையைக் கீழே வைத்தாள். மணியின் மேல் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல்காரன் நெற்றியைப் பார்ப்பதுபோல அப்படியே இருந்தாள். அவள் கத்துவாள், சபிப்பாள், அதற்கு ஒரு பதில் தேடிக்கொள்ளலாம் என்று தோன் கிறிசாந்தோ காத்திருந்தார்.

"ப்ளாஸ் தாத்தா சாகுற வரைக்கும் 'எனக்குத் தெரியாது'ன்னுதான் சொன்னாராம்," என்றாள் அவள். கூடையை எடுக்காமலே போய்விட்டாள்.

மணியைத் தார்ப்பாயால் மூடச் சொன்னார் தோன் கிறிசாந்தோ. திரும்பப் புதைக்கச் சொல்லத்தான் நினைத்தார். அப்படிச் சொன்னால் இரண்டாவது முறை புதைத்தவர் தாமாகிவிடுவார் என்று பட்டது. பூட்டன் அதை உலையிலிருந்து காப்பாற்றத்தான் ஒளித்தாரோ என்று நாள் முழுக்க யோசித்தார். அப்படியே இருக்கட்டும். ப்ளாஸைக் குத்தியபோது பூட்டன் எங்கே நின்றிருந்தார்? யோசனை அந்த இடத்திலேயே வந்து வந்து நின்றது. வீரர்கள் நாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை ரொட்டிக்கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தொமாசாவும் நின்றாள். கடைக்காரன் பாபியான் கண்ணடித்தான்.

"என்ன தோன், தங்கம் கெடச்சிச்சாமே! கை வச்சதும் அத்தனையும் கரியாப் போச்சாம்? இந்த வயசுல இவ்வளவு ஆசை ஆகுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். தோன் கிறிசாந்தோவும் சிரித்திருக்கலாம். பேராசைக்காரன் என்ற பெயர் ஒரு மழைக்காலத்தில் கரைந்துபோகும். தொமாசா இப்போது சொல்லிவிடுவாள் என்று அவள் பக்கம் பார்த்தார். அவள் சில்லறையைத் தேடுவதுபோல் பைக்குள் குனிந்திருந்தாள். அந்தக் கை எதையும் தேடவில்லை.

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"கரி இல்ல. கோயில் மணி. எங்க வீட்டு மண்ணுல இருந்துச்சு. நாக்கு எங்க அடுக்களையில இருந்துச்சு."