ஓபல் நிரப்பாத கட்டம்

1.
ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை வரிசையில் நின்று திருடினேன். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், எங்கள் ஊர் வெண்டலின் துப்பாக்கிக் கடையில், அங்கேயே கொடுக்கிற மீன்பிடி உரிமத்துக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண்மணி ரிவால்வர் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகை மட்டும்தான் பார்த்தேன். மற்றதெல்லாம் என் கைவரிசை.

2.
முதல் தொடக்கம்: 'பயத்தின் நிறம் இளஞ்சிவப்பு என்று அவள்...' (சகிக்கவில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ஓபல் ஸ்டிக்லருக்கு அறுபத்தொன்று. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அவர் பல்லை உடைத்துச் சிறைக்குப் போன முன்னாள் கணவன் ராய்ஸ், வெள்ளிக்கிழமை வெளியே வருகிறான். (இது நிற்கும்.)

வெண்டல் இருப்பதிலேயே சின்னதை எடுத்தான். குண்டு போடும் உருளையைத் திறந்து, காலி என்று காட்டிவிட்டு நீட்டினான். இளஞ்சிவப்புப் பிடி. பெண்கள் வந்தால் இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் தவறாமல் செய்கிற தப்பு.

"கைப்பைல அடங்கிடும், மிஸ் ஓபல். கனமே தெரியாது."

"கனமில்லேன்னா சுடறப்ப உதையெல்லாம் என் மணிக்கட்டுக்குத்தான். டேய், என் பஸ்ல வாந்தி எடுத்தவன் நீ. எனக்கே பொம்மை விக்கிறியா?"

"அது ரெண்டாங்கிளாஸ்ல!"

"நாத்தம் எட்டாங்கிளாஸ் வரைக்கும் போகல."

ஐந்து குண்டு போடும் கனத்த இரும்பு ரிவால்வரை அவரே காட்டிக் கையில் வாங்கிப் பார்த்தார். அனுமதி கேட்டு விசையை இழுத்துப் பார்த்தார். கீல்வாதம் பிடித்த விரலுக்கும் இணங்கியது.

3.
(இந்த இடத்தில் ராய்ஸைக் கடைக்குள் வரவிடலாமா என்று யோசித்தேன். வெட்கமாக இருந்தது.)

பிறகு அரசாங்கப் படிவம். அதில் ஒரு கேள்வி: இதை உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா? இன்னொருவருக்காக என்றால் வாங்க முடியாது. ஓபலின் பேனா நின்றது.

"எனக்காகவா, வெண்டல்? இல்ல, பின்னாடி நின்னு இதை எழுதிட்டிருக்கிற அந்த ஆளுக்காகவா?"

திரும்பினார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவசரமாகத் தூண்டில்களை வேடிக்கை பார்க்கத் தொடங்கினேன்.

"அவன் கதவை உடைப்பான்னு எனக்குப் பயமில்லடா. மழைல நனைஞ்சு நின்னு 'ஓபி'ன்னு கூப்பிட்டா, நானே திறந்துடுவேன். அதான் பயம். அதுக்கு இதை வச்சு யாரைச் சுடறது?"

நான் எழுத வந்த கதை இதுவல்ல.

4.
முடிவு ஒன்று: வாங்கிக்கொண்டு போகிறார்.
முடிவு இரண்டு: ரிவால்வரை வைத்துவிட்டு, டல்சா நகரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டு...

படிவத்தில் அந்தக் கேள்விக்கான கட்டம் இன்னும் காலி. கடை ஐந்து மணிக்கு மூடிவிடும். உங்களிடம் பேனாவைக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வெண்டல் கறாராகச் சொல்லிவிட்டான்: வாங்குகிறவர் தன் கையால்தான் நிரப்ப வேண்டும்.

ஆகவே நீங்களும் என்னோடு வரிசையில் நில்லுங்கள். கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள், அவர் யோசிக்கட்டும்.