சாங்கிக்குப் போன சஹன்

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் மாலை அந்தப் புக்கிட் பாத்தோக் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: அஹமது கபீர், அவர் மனைவி சம்சுன்னிசா, மகள் யும்னா, கபீரின் அண்ணன் சாகுல் ஹமீது, எதிர் புளோக்கிலிருந்து வந்த ருக்ஸானா மாமி. வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் அநேகம். அதனால்தான் இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

மாமிதான் ஆரம்பித்தார். "என்ன யும்னா, யூனியில எல்லாரும் கடைசி வருஷ புராஜெக்ட் கிளாஸ் போறாங்க. நீ மட்டும் சாங்கியில பெட்டி தூக்குறியாமே? தேற மாட்டேன்னு அனுப்பிட்டாங்களா?"

"தூக்கல மாமி. மருந்துப் பெட்டியெல்லாம் வெயில்ல காத்துக் கெடக்காம உள்ள போக வழி பண்றேன். அந்த கிளாஸுக்குப் பதிலாத்தான் இந்த இன்டர்ன்ஷிப். அதே கிரெடிட் லா."

"என்னமோ. கிளாஸ்னா கிளாஸ்தான்."

யும்னா சிரித்துச் சமாளித்தாள். இல்லாத ஒரு கம்பெனிக்கு இல்லாத ஒரு பிரச்சினையைக் கற்பித்து அறிக்கை எழுதுவதில் அவளுக்கு விருப்பமில்லை. பேராசிரியரிடம் வாதாடித்தான் சாங்கி விமான நிலையத்தில் இருந்த அந்தச் சரக்கு நிறுவனத்துக்குப் போயிருந்தாள். ஆனால் சாகுல் ஹமீது சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தவர் மறுபடி எடுக்கவில்லை.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை ஓரிடத்தில் வேலைக்குச் சேர்ந்தால், அடுத்து வரும் பெருநாளுக்கு வீட்டின் மூத்தவர் சஹன் என்னும் பெரிய தட்டு நிறையப் பிரியாணியை வெள்ளைத் துணியால் மூடி முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். எங்கள் பிள்ளை உங்கள் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். டன்லப் தெருக் கடையில் சாகுல் ஹமீதை ஒப்படைத்ததும் அப்படித்தான். பெண்பிள்ளைக்கு யாரும் அதுவரை எடுத்துப் போனதில்லை. யும்னாவிடம்கூடச் சொல்லாமல் அவர் சாங்கிக்கு எடுத்துப் போனார்.

யும்னாவுக்கு மேலதிகாரி கபிலன். அவளுக்கு மதிப்பெண் போட வேண்டியவரும் அவர்தான்.

"சார், இத நான் வாங்கக் கூடாது."

"லஞ்சமில்ல தம்பி. சோறு."

தட்டை முகப்பு மேசையில் வைத்துவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கபிலன் அன்றே நிறுவனத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடந்ததைத் தெரிவித்தார்.

"உன் மேல கோவமில்ல," என்றார் யும்னாவிடம். "ஆனா இனி உனக்கு மார்க் போடுற உரிமை எனக்கில்ல."

பல்கலைக்கழகம் ஒன்றே ஒன்று கேட்டது. சஹன் வரும் விஷயம் அவளுக்குத் தெரியுமா? தெரியுமென்றால் கிரெடிட் இல்லை. அடுத்த பருவத்தில் அதே புராஜெக்ட் வகுப்பில் உட்கார வேண்டும், பட்டமும் தள்ளிப்போகும். தெரியாதென்றால் வேறொருவர் அவளை முதலிலிருந்து சோதிப்பார்.

"பேசாம கிளாஸ்ல சேந்துடும்மா," என்றார் கபீர். "ஊர் வாயாவது மூடும்."

"மூடாது அத்தா. மாமி சொன்னது நெசமாயிடும். நான் செஞ்ச வேலைக்கு நானே பதில் சொல்றேன்."

"நான் போய்ப் பேசுறேன்," என்று எழுந்தார் சாகுல் ஹமீது.

"போங்க பெரியத்தா. ஆனா எனக்காக எதையும் கேக்காதீங்க. நடந்தத மட்டும் சொல்லிட்டு வாங்க."

அவர் என்ன பேச வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. சம்சுன்னிசா மகளை அதட்ட வாயெடுத்தார். சாகுல் ஹமீது கையை உயர்த்தித் தடுத்தார்.

மறுநாள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் சொங்கோக் தொப்பியுமாகப் பேராசிரியர் முன் போய் நின்றார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"கொண்டுபோனது நான். அவளுக்குத் தெரியாது. அது எங்க வீட்டு வழக்கம். உங்க வழக்கம் வேறன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

அவ்வளவுதான். எதையும் கேட்காமல் திரும்பி வந்தார்.

புதிதாகச் சோதிக்க வந்தவர் இறக்குமதிப் பிரிவு மேலாளர் பூவம்மா. முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. வெயில் கொளுத்திய ஒரு காலையில் குளிரறையின் வாசலை யும்னாவிடம் ஒப்படைத்துவிட்டுத் தள்ளி நின்றார். மருந்து லாரிகள் தனி நேரத்தில் வர வேண்டும் என்பதே யும்னா வகுத்திருந்த முறை. அன்று ஒரு துணி லாரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் மருந்து லாரி.

"எனக்கு இந்த டைம்தான் குடுத்திருக்கு லா!" என்றார் துணி லாரி ஓட்டுநர்.

"அண்ணே, உங்க சட்டைத்துணி மேல வெயில் பட்டா ஒண்ணும் ஆகாது. பின்னாடி இருக்கிறது இன்சுலின். இத வாங்குறவங்க வீட்டுல காத்திருக்காங்க."

"எங்கம்மாவும் அதத்தான் போடுது," என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.

பூவம்மா கேட்டார்: "அவருக்கு இந்த நேரத்தக் குடுத்தது யாரு?"

பழியைப் போட ஆள் இல்லாமலில்லை. யும்னா நிமிர்ந்து நின்றாள். "நான்தான் மேடம். தப்பாக் குடுத்துட்டேன். இப்பவே மாத்துறேன்."

"மாத்து."

கிரெடிட் கிடைத்தது. மதிப்பெண் 'பி'. அதில் அரை மதிப்பெண்கூட இரவல் இல்லை.

கபீரின் மகள் பிரியாணி கொடுத்துப் பட்டம் வாங்கினாள் என்று தேக்காக் கடைத்தெருவில் இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். தவறு. கபிலன் அந்தச் சஹனின் துணியைக்கூட விலக்கவில்லை; மூடியது மூடியபடி அன்றே வீட்டுக்குத் திரும்பி வந்தது. மதிப்பெண் போட்டவர் பூவம்மா. அவர் சைவம்.