அண்ணி குறித்த தேதி

கடற்கரைக்குப் போய்விட்டு வரலாம் என்று அண்ணி சொன்னபோது கண்ணாடிக்காரிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஒரு செருப்பு வாங்கப் போனாலே கறுப்பா பழுப்பா என்று முடிவெடுக்க முடியாமல் வெறுங்கையோடு திரும்பி வருகிறவள் அண்ணி. அவள்தான் இப்போது ஊர், தேதி, தங்கும் விடுதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் துணி மடிக்க உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்காரி என்பது குடியிருப்பில் இருப்பவர்கள் வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸுகளைச் சட்டத்துக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. அவளுடைய அண்ணன் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போய்த் திரும்பி வராமலே போனது மூன்று வருடத்துக்கு முன்னால். அந்த மூன்றாம் மாடி வீட்டில் மிஞ்சியது அண்ணியும், வாலு என்று எல்லாரும் கூப்பிடும் அண்ணன் மகளும், கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட கண்ணாடிக்காரியும்தான். புதிதாகப் பார்ப்பவர்கள் பெரியவர்கள் இருவரையும் அக்கா தங்கை என்று நினைத்துக்கொள்வார்கள். இருவருமே அதைத் திருத்துவதில்லை.

அண்ணி சொன்ன கடற்கரை பேர்போனது. விடுமுறை நாட்களில் அங்கே மணலைவிட மனிதத் தலைகள்தான் அதிகம் தெரியும். கூட்டமென்றால் அண்ணிக்கு ஆகவே ஆகாது. கண்ணாடிக்காரி தன் கைபேசியில் வேறொரு கடற்கரையைக் காட்டி, இது அமைதியாக இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தாள். அண்ணி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சரி, பள்ளி திறந்த பிறகு கூட்டம் குறையுமே, அப்போது போகலாமே என்றாள். அதற்கும் அண்ணி மசியவில்லை. அந்த ஊர்தான், அந்தச் சனிக்கிழமைதான் என்று பிடித்த பிடியில் நின்றாள்.

அன்றிலிருந்து கண்ணாடிக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணியின் கைபேசி எப்போதும் மேசைமேல் மல்லாந்து கிடக்கும். இப்போது குப்புறக் கிடந்தது. அது முனகினால் அண்ணி பால்கனிக்குப் போனாள். திரும்பி வரும்போது முகத்தில் ஏதோ ஒன்றைத் துடைத்துவிட்டு வருவது போலிருந்தது. வாலு வேறு, குளிக்கும் வாளியில் முகத்தை முக்கி மூச்சடக்கப் பழகி, வீடெல்லாம் தண்ணீர் சிந்தி வைத்தாள். இருவருக்கும் நடுவில் கண்ணாடிக்காரி பெட்டியில் துணி வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். எதற்காக எடுக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கடையிலும் மனசு வேலையில் நிற்கவில்லை. ஒரு பெரியவருக்கு இடது லென்ஸை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டாள். படியிறங்கிய மனிதர், தரை சாய்ந்து தெரிகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தார். முதலாளி அவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, இவளை ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தபடி அவள் நடந்தாள்.

வீட்டில் அண்ணி பால்கனிக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கண்ணாடிக்காரி நேரே அங்கே போய் நின்றாள்.

"அண்ணி, மறைக்காம சொல்லுங்க. அந்த ஊர்ல யார் இருக்கா?"

அண்ணி கையிலிருந்த துவாலையை உதறினாள். ஏற்கெனவே உதறிய துவாலைதான்.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல."

பிறகு சொன்னாள். அண்ணி வேலை பார்ப்பது பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்கூடத்தில். அங்கே தையல் மெஷின்களைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக் ஒருவர். மனைவி விவாகரத்து வாங்கிப் பிரிந்துபோய் வெகுகாலமாகிறது, குழந்தை இல்லை. வாரத்தில் பாதி நாள் இங்கே, பாதி நாள் அந்தக் கடற்கரை ஊரில் தன் அக்காவோடு. அந்தச் சனிக்கிழமை அவருக்கும் அக்காவுக்கும் ஓய்வு நாள்.

"இன்னும் ஒண்ணும் முடிவாகல. மொதல்ல நீ பாக்கணும். நீ வேண்டாம்னு சொன்னா அதோட விட்டுடுவேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் கண்ணாடிக்காரிக்குச் சுருக்கென்று தைத்தது.

"அதைக் கொண்டுவந்து என் தலையில கட்டாதீங்க அண்ணி. வேண்டாம்னா நான் பொல்லாதவ ஆயிடுவேன். சரின்னா..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

"சரின்னா?"

"சரின்னா இந்த வீட்ல நான் ஒத்தையா கெடப்பேன்."

அண்ணி சமாதானமாக ஏதாவது சொல்லியிருந்தால் கண்ணாடிக்காரி இன்னும் கோபப்பட்டிருப்பாள். அண்ணி கொடியைப் பிடித்தபடி அழ ஆரம்பித்தாள். கண்ணாடிக்காரி வாளியில் மிச்சமிருந்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக உலர்த்தினாள்.

அதற்கப்புறம் இருவரும் பயணத்தைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டார்கள். எந்த ரயில், எத்தனை துவாலை, வாலுவுக்கு வெயில் படாமல் தொப்பி. ஆனால் கண்ணாடிக்காரி ஒளிந்து ஒளிந்து வானிலை பார்த்தாள். புயல் சின்னம் ஏதாவது தென்படாதா என்று தேடினாள். தலைவலி என்று படுத்துவிடலாமா என்றும் யோசித்தாள். சனிக்கிழமை வானம் துடைத்துவிட்டது போல வெளுத்துக் கிடந்தது. அவள் போனாள்.

மெக்கானிக் ரயிலடிக்கே வந்திருந்தார். ஒல்லியான மனிதர், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சட்டைப்பைக்குள் விடுவதும் எடுப்பதுமாக இருந்தார். அவருடைய அக்கா நேர்மாறு. நல்ல ஆகிருதி, கணீரென்ற குரல். கடற்கரையில் ஒரு வாடகைக் குடைக்கடியில் இடம் பிடித்து, நாலாபக்கமும் பைகளைப் பரப்பி வேலியடித்துவிட்டாள். வாலு அண்ணியையும் மெக்கானிக்கையும் தண்ணீர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓட, குடைக்கடியில் இந்த இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

இருவருடைய கண்ணும் அலையோரத்திலேயே இருந்தது. அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"தப்பா நெனக்காதே. இன்னிக்கு மழை கொட்டித் தீக்கணும்னு வேண்டிக்கிட்டேன் நான்."

கண்ணாடிக்காரி திரும்பிப் பார்த்தாள். "நீங்களுமா?" என்றாள். அக்காவின் வயிறு குலுங்கியது. இருவரும் சிரித்தார்கள். அதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை; ஆனால் கண்ணாடிக்காரிக்கு அப்போதுதான் மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

சற்று நேரத்தில் மெக்கானிக் தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தார். துவாலை எடுக்க வந்தவர் எடுக்காமல் கண்ணாடிக்காரி பக்கம் திரும்பி நின்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வாலு அங்க அலையில நின்னுக்கிட்டு, எங்கப்பாவுக்கு நீச்சல் தெரியுமான்னு என்னைக் கேட்டா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அவங்க அம்மாவுக்கும் தெரியல."

"தெரியும். நல்லா நீந்துவான்" என்றாள் கண்ணாடிக்காரி. "எனக்குச் சொல்லித்தரேன்னு சொல்லிக் குளத்துல தள்ளிவிட்டான்."

"அதை நீங்களே வந்து அவகிட்ட சொல்லுங்களேன். அவரப் பத்தி அவ என்னைக் கேட்டுக்கிட்டேதான் இருப்பா. நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

கண்ணாடிக்காரி பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். அண்ணன் தன்னைத் தள்ளிவிட்ட கதையை வாலுவிடம் அலைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னாள். பக்கத்தில் நின்ற அண்ணி இதுவரை கேட்டிராத கதை அது. அன்றைக்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ கண்ணாடிக்காரி சொல்லவில்லை. மறுநாள் திரும்பி வரும் ரயிலில் வாலு மடியில் தூங்கிப்போனபோது, ஜன்னலைப் பார்த்தபடியே, "தேதி வைக்கறதுன்னா எனக்கு லீவு இருக்கற நாளாப் பாத்து வையுங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

கல்யாணம் முடிந்து அண்ணியும் மெக்கானிக்கும் இப்போது இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். பள்ளி விட்டதும் வாலு அத்தை வீட்டுக்குத்தான் வருகிறாள். பொழுது சாய்ந்ததும் போய்விடுகிறாள். அதற்குப் பிறகான நேரம் கண்ணாடிக்காரிக்கு இன்னும் வசப்படவில்லை. அறைக்கு அறை நடக்கிறாள், விளக்கைப் போடுகிறாள், அணைக்கிறாள். கடலை விட்டு வரமாட்டேன் என்று அந்த ஊரிலேயே தங்கிவிட்ட மெக்கானிக்கின் அக்கா அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிடுகிறாள். இங்கே ஓர் அறை சும்மாதானே கிடக்கிறது, நீ எப்போது வருகிறாய் என்று கேட்கிறாள். பார்க்கலாம் என்கிறாள் கண்ணாடிக்காரி. போனை வைத்துவிட்டு, அடுத்த மாத விடுமுறையில் எந்த ரயிலில் இடமிருக்கிறது என்று தேட ஆரம்பிக்கிறாள்.