கற்பூரம் வேண்டாத பிள்ளையார்

எனக்குத் தனிப்பட்ட முறையில் யார் மீதும் சந்தேகம் கிடையாது. எல்லார் மீதும் ஒரே அளவாகத்தான் சந்தேகப்படுவேன். அந்தக் கணக்கில் பிள்ளையார் மட்டும் சேராமல் இருந்தார். என் மகள் சிவசக்தி பதுளையில் கடை திறந்த அன்று அவரும் சேர்ந்துகொண்டார்.

கடை என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். ஒரு தையல் மெசினும் இரண்டு முக்காலியும் போட்டால் நிறைந்துவிடும் அறை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பியிருக்கும் கண்ணாடிக் கட்டடத்தில், மூன்றாம் மாடியில், நடையின் கடைசியில் இருந்தது. அந்தக் கட்டடத்துக்கு இங்கிலீஷில் நீளமான ஒரு பெயர் உண்டு. அதை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் இல்லை.

எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் வெளியே வரும் வழியை முதலில் பார்த்துக்கொள்வது என் வழக்கம். காரணம் இருக்கிறது. முன்பு பெரகலயில் ஒரு கூத்துக் கொட்டகை தீப்பிடித்தது. வாசல் ஒன்றுதான். ஊர் முழுவதும் அதன் வழியாகத்தான் வெளியே வந்தது. எங்கள் கங்காணி, மூன்று பேருக்கு வாங்கும் துணியில் தனக்கு ஒரு சட்டை தைப்பவர், அந்த நெருக்கலில் பிதுங்கி வெளியே வந்தபோது இடுப்பு ஒரு சாண்தான் மிச்சம் இருந்தது. அவர் சம்சாரம் யாரோ அந்நியன் என்று கதவைச் சாத்திவிட்டாள். அவர் சட்டைகள் எல்லாம் பிறகு தலையணை உறைகளாயின. சந்தேகம் இருந்தால் பெரகலயில் விசாரிக்கலாம். கங்காணி செத்துப்போனார், உறைகள் இருக்கும்.

ஆகவே முதல் நாளே வழியைப் பார்த்தேன். முன்பக்கம் ஒரே ஒரு படிக்கட்டு. அது தொடங்கும் இடத்திலேயே, கீழ்த்தளத்தில், ஒரு கொத்துரொட்டிக் கடை. எண்ணெய்ச் சட்டி, காஸ் சிலிண்டர், சத்தம், எல்லாம் உண்டு. லிப்டும் இருக்கிறது. கரண்ட் போனால் அதுவும் ஒரு அறைதான். கீழே ஏதாவது பற்றிக்கொண்டால் மூன்றாம் மாடியில் இருக்கிற என் மகள் எந்த வழியாக வருவாள்?

வழி இருந்தது. அவள் கடைக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் இரும்புக் கதவு. அதன் மேலே பச்சை விளக்கில் ஒரு மனிதன் ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீழே, கதவோடு கதவாக ஒட்டிப்போட்ட மேசையில், பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

நல்ல பிள்ளையார். முழங்கை உயரம். கழுத்தில் செவ்வரத்தம் பூ. முன்னால் பெட்டரியில் எரியும் சின்ன சிவப்பு பல்பு. பக்கத்தில் ஒரு மட்டை, அதில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது: “கற்பூரம் ஏற்ற வேண்டாம். ஊதுபத்தியும் வேண்டாம்.”

அங்கேதான் எனக்கு உறுத்தியது. மோதகம் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையாரைக்கூட, சீனி வியாதி என்று மன்னித்துவிடலாம். கற்பூரம் வேண்டாம் என்கிற பிள்ளையாரை நான் எழுபத்து நான்கு வயதில் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

“யாரு வெச்ச சாமி இது?” என்று மகளிடம் கேட்டேன்.

“நான் வர்றதுக்கு முந்தியே இருக்குப்பா.”

“கதவுக்குப் பின்னாடி என்ன இருக்கு?”

“படி இருக்கும். வேற என்ன இருக்கும்? வந்த அன்னைக்கே ஆரம்பிக்காதீங்க.”

எதிரில் போன் கடை வைத்திருக்கும் ரமேஸிடம் கேட்டேன். மெனேஜர் வைத்திருப்பார் என்றான். அடுத்த கடையில் வளையல் விற்கும் றஷீனாவிடம் கேட்டேன். ரமேஸ்தான் வைத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். யாருமே வைக்காமல் ஒரு சாமி மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார். அதுவும், றஷீனா சொன்ன கணக்கில், லிப்ட் பழுதாகிக் கிடந்த காலத்தில்.

பின்பக்கமாகப் போய்ப் பார்க்கலாமென்றால் தகரம் அடித்த உயரமான கேட். லொறிகள் உள்ளே போகும்போது மட்டும் திறந்து, உடனே பூட்டுவார்கள். கதவை மணந்து பார்த்தேன். என் மூக்கு சாதாரண மூக்கு இல்லை. எல்ல ஊர்ப்பக்கம் மானாப்புல் எரிந்தால் அப்புத்தளையில் நின்றுகொண்டே எந்த மலை என்று சொல்லுவேன். காற்று சாதகமாக இருந்தால் எந்த நெருப்புப் பெட்டி என்றும் சொல்லுவேன். ஆனால் அந்தக் கதவு வழியாகக் காற்று வந்ததே தவிர ஒரு வாசனையும் வரவில்லை. வாசனையே இல்லாத இடம் இன்னும் மோசம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆளைப் பிடித்தேன். காலையில் கடைகள் திறக்குமுன் செக்கியூரிட்டி ஜுனைதீன் மேலே வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். தொப்பிக்குள் இருந்து செவ்வரத்தம் பூவை எடுத்தார். பழைய பூவை அகற்றிப் புதியதை வைத்தார். பிறகு மேசையை இரண்டு கையாலும் தள்ளி, கதவோடு இறுக்கமாக ஒட்டுகிறதா என்று ஆட்டிப் பார்த்தார்.

பள்ளிக்குத் தவறாமல் தொழப்போகிற மனிதர். பிள்ளையாருக்கு ஒளித்துப் பூ வைக்கிறார்; முந்தின நாள் கற்பூரம் கொளுத்த வந்த ஒரு கிழவியை விரட்டியதை நானே பார்த்தேன்; மேசை அசைகிறதா என்று பார்க்கிறார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. நெருப்பு ஆகாத சாமான் என்ன? பட்டாசு. பின்படிக்கட்டு முழுக்கப் பட்டாசுப் பெட்டி அடுக்கியிருக்கிறான்கள், காவலுக்குச் சாமியை உட்கார வைத்திருக்கிறான்கள் என்று முடிவு கட்டினேன். பூட்டைப் போட்டால் உடைப்பார்கள். சாமியை வைத்தால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். திட்டம் போட்டவனின் மூளையை நான் மனதுக்குள் பாராட்டினேன்.

“நானா, பூ நல்லா இருக்கே” என்றேன். நானா என்றால் அண்ணன்; முஸ்லிம் ஆட்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஜுனைதீன் திடுக்கிட்டார். “என்னத்த பூ, பெரியவர்? கூட்டற ஆள் வெச்சிருப்பான்.” தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். தொப்பி ஓரத்தில் ஓர் இதழ் ஒட்டியிருந்தது.

இந்த இடத்தில் இன்னொரு சந்தேகமும் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அது என் மீது. மெனேஜர் கனகசுந்தரம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். யாழ்ப்பாணத்து மனிதர், இஸ்திரி கலையாத சட்டை.

“ஐயா, நீங்கள் ஒவ்வொரு நாளும் வந்து கதவுகளை மணந்து மணந்து பாக்கிறியள். கமராவில எல்லாம் தெரியுது. என்ன நோக்கம்?”

“வெளிய போற வழியப் பாக்குறேங்க.”

“உள்ள வந்த வழியாலயே போகலாம்தானே?”

“அந்தப் பின்கதவத் தொறந்து காட்டினீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிடுவேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அதுக்குப் பின்னால ஒண்டும் இல்லை. நீங்கள் இனி இஞ்ச வரக்கூடாது. வந்தால் உங்கட மகளின்ர அறையைத் திருப்பி எடுக்கவேண்டி வரும்.”

ஒன்றும் இல்லை என்பதைச் சொல்ல ஒரு மனிதர் அவ்வளவு வேர்க்க வேண்டியதில்லை.

அன்று சிவசக்தி பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். அப்புத்தளையில் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள். “கொழுந்துக் கூடையை இறக்கி வெச்சுட்டு இந்த மெசினைத் தூக்கினேன்ப்பா. உங்க மூக்கால அது போச்சுன்னா, நான் திரும்பக் காலையில பெரட்டுல நின்னு கொழுந்து பறிக்கப் போகணும்.”

“கடை போனா வேற கடை. நீ போனா நான் எங்க போறது?”

“அப்ப சந்தேகத்த வீட்டுல வெச்சுட்டு வாங்க.”

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை நான் போனேன். சந்தேகத்தையும் கூட்டிக்கொண்டுதான். கம்பளித் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டேன். பதுளை வெயிலில் அப்படிப் போனால் அப்புத்தளை ஆள் என்று தெரியுமே தவிர, எந்த ஆள் என்று தெரியாது.

மத்தியானம், மூன்றாம் மாடியில் நிற்க இடமில்லை. ரவுக்கைக்கு அளவு கொடுக்கப் பெண்கள் காத்திருந்தார்கள். திடீரென்று என் மூக்கு விழித்துக்கொண்டது. எண்ணெய். கருகிய எண்ணெய். நான் சொல்லி முடிக்குமுன் கரண்ட் போயிற்று. படிக்கட்டு வழியாகக் கறுப்புப் புகை, சாமான் வாங்க வந்த ஆள் மாதிரி நிதானமாக மேலே ஏறி வந்தது.

கரண்ட் போயும் பெட்டரியில் எரிந்த பச்சை விளக்கை நோக்கி எல்லாரும் ஓடினார்கள். ஓடிவந்து, பிள்ளையார் முன்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். இரண்டு பேர் கன்னத்திலும் போட்டுக்கொண்டார்கள்.

“டேய், சாமியத் தூக்குடா!” என்று ரமேஸிடம் கத்தினேன்.

“ஐயோ, நான் காலையிலதான் மாட்டிறைச்சி ரொட்டி தின்னேன்!”

“குளிக்காம தொடக்கூடாது” என்றாள் வரிசையில் நின்ற ஒரு பெண், இருமிக்கொண்டே.

நான் குளித்திருந்தேனா என்பதைப் பற்றி இங்கே பேசவேண்டியதில்லை. “பிள்ளையாரே, ஒரு நிமிசம்” என்று சொல்லி அவரை இரண்டு கையாலும் தூக்கி முக்காலியில் வைத்தேன். மேசையை இழுத்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். முதுகுக்குப் பின்னால் முப்பது பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது புகைக்குள் இருந்து ஜுனைதீன் வந்தார். தொப்பி இல்லை, கண் சிவந்திருந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, கதவுக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

“தொறக்க வாணாம்! அல்லாவுக்காகத் தொறக்க வாணாம்!”

“வழிய விடு நானா! உன் பட்டாசுக்கு என் புள்ளைய பலி குடுக்கணுமா?”

“என்னத்த பட்டாசு? படி இல்ல, பெரியவர்! படி இல்ல!”

எனக்குப் புரியவில்லை. அவர் கூட்டத்தை முதுகால் தடுத்துக்கொண்டு, தாழ்ப்பாளை நீக்கி, கதவைக் கை அகலத்துக்குத் திறந்து காட்டினார்.

நமுனுகுல மலை தெரிந்தது. படி இருக்கவேண்டிய இடத்தில் காற்று இருந்தது. அதற்கு வெகு கீழே லொறிகளின் கூரைகள் வெயிலில் மின்னின.

கதவு மறுபடி மூடியது. தள்ளிக்கொண்டிருந்தவர்கள் தாங்களாகவே பின்னால் நகர்ந்தார்கள்.

“சட்டிதான் பத்திச்சி. மூடி போட்டு அணைச்சாச்சி, சிலிண்டரையும் வெளிய எடுத்தாச்சி. பொகைதான் மிச்சம் ஈக்கி. குனிஞ்சிக்கிட்டு எனக்குப் பின்னால வாங்க” என்றார் ஜுனைதீன்.

அதற்குள் சிவசக்தி இஸ்திரிக்குத் தெளிக்கும் தண்ணீரில் ரவுக்கைத் துணிகளை நனைத்து ஆளுக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாள். மூக்கைப் பொத்தி, குனிந்து, சுவரைத் தடவி இறங்கினோம். எனக்குக் கிடைத்தது ரோஸ் நிறத்தில் சரிகை போட்டது. வெளியே வந்தபோது எல்லார் முகமும் கறுத்து, தீபாவளிக்குப் புதுத் துணியைக் கடித்துக்கொண்டு நிற்கிற கூட்டம் மாதிரி இருந்தோம்.

ஜுனைதீன் நடைபாதையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார். கட்டடம் திறந்தபோது இரும்புப் படி இருந்ததாம். லொறி திருப்ப இடம் போதவில்லை என்று கட்டடத்து முதலாளி கழற்றச் சொன்னாராம். கதவு மட்டும் நின்றுவிட்டது. ஜுனைதீன் திறக்கவேண்டாம் என்று எழுதி ஒட்டினார். அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆட்கள் திறந்தார்கள். பூட்டுப் போட்டார். சிகரெட் பிடிக்கப் பொடியன்கள் உடைத்தார்கள். ஒருத்தன் விழப்போனான், ஜுனைதீன்தான் சட்டைக் காலரில் பிடித்து இழுத்தாராம்.

“அதுக்குப் பொறகுதான் சந்தையில அந்தச் சிலைய வாங்கினேன். ஒரு வருசம் ஒருத்தரும் கை வைக்கல்ல.” என்னைப் பார்த்தார். “நீங்கதான் மொதல் ஆள்.”

நான் மப்ளரைச் சரிசெய்தேன். வெளியேறும் வழி பார்க்கிற மனிதன், முப்பது பேரை வெளியேற்றிவிட இருந்தேன்.

“பூ எதுக்கு நானா?” என்று கேட்டேன், பேச்சை மாற்ற.

“பூ இல்லாட்டி சும்மா பொம்மைன்னு நெனைச்சித் தள்ளி வெச்சிருவாங்களே. கற்பூரம் கொளுத்தி நெருப்புப் பத்தினா எறங்க வேற படி இல்ல, அதான் அது மட்டும் வாணாம்னு எழுதினேன்.”

“மெனேஜருட்ட சொல்லலியா?” என்றாள் சிவசக்தி.

“சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிப்போச்சி, மகள்.”

கனகசுந்தரம் வந்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். பெரிய சேதம் ஒன்றும் இல்லை, பின்னேரமே கடைகளைத் திறக்கலாம், படி விசயம் முதலாளிக்கு ஏற்கெனவே அறிவித்தாயிற்று, தீபாவளி முடியட்டும் என்றார்.

“முடிஞ்சதும் டிசம்பர்ல நத்தார் வரும். அப்புறம் பொங்கல் வரும்” என்றாள் சிவசக்தி.

“அப்ப என்ன செய்யச் சொல்லுறியள், பிள்ளை?”

அவள் புகை தணிந்ததும் மேலே போய், ரமேஸை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, மெசினை இறக்கிக்கொண்டு வந்தாள். “அப்பா, முக்காலி” என்றாள். பிள்ளையாரை மேசையில் திரும்ப ஏற்றி, கதவோடு இறுக்கி வைத்துவிட்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

“நானா, பின் கேட்டைத் தொறங்க.”

ஜுனைதீன் கனகசுந்தரத்தைப் பார்த்தார். கனகசுந்தரம் “வேண்டாம்” என்றார். ஜுனைதீன் சாவிக்கொத்தை எடுத்தார்.

சுவரில் அறுத்த இரும்பின் அடிக்கட்டைகள் துருப்பிடித்து நின்றன. அவற்றுக்கு நடுவில், மூன்றாம் மாடிக் கதவுக்கு நேர் கீழே, படி தொடங்கியிருக்கவேண்டிய இடத்தில் சிவசக்தி மெசினைப் போட்டாள். உட்கார்ந்து, ஈரம் காயாத ஒரு ரவுக்கையை எடுத்து மிதிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் றஷீனா வளையல் பெட்டியோடு வந்து பக்கத்தில் பாய் விரித்தாள். ரமேஸ் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிவந்தான். அளவு கொடுக்க வந்த பெண்கள் கேட்டுக்குள் நுழைந்து வரிசையானார்கள்.

மூன்று மணிக்கு முதலாளியின் லொறி வந்தது. மூட்டை நிறைந்த லொறி. திரும்ப இடமில்லை. ஹோர்ன் அடித்தது. மறுபடியும் அடித்தது. மூன்றாவது ஹோர்ன் நமுனுகுல மலையில் மோதித் திரும்பி வந்து லொறியின் முன்கண்ணாடியிலேயே பட்டது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். “அக்கா, எந்திரிங்க! இந்த இடத்துலதான் லொறி நிப்பாட்டணும்!”

சிவசக்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“இந்த இடத்துல படி நின்னுச்சு. அத மறுபடி நிப்பாட்டச் சொல்லு ஒங்க முதலாளிய, நான் எந்திரிக்கிறேன்.”