சேர்த்து வைத்த லீவு

பூன் லேயில் ஏறினால் பாசிர் ரிஸ்ஸில் இறங்கலாம். தீவின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிவரை ஒரே ரயில், நடுவில் மாற வேண்டியதே இல்லை. இருபது வருடமாக இந்த ஊரில் குப்பை கொட்டியும் அமலா அந்தக் கடைசி ஸ்டேஷனைப் பார்த்ததில்லை. விமான நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் தானா மேராவில் இறங்கி மாறிவிடுவார்கள். அதற்கு அப்பாலும் ஊர் இருக்கிறது என்பதை இன்றைக்குத்தான் பார்க்கப் போகிறாள், அதுவும் மகனைப் பட்டாளத்தில் விட்டுவிட்டு வருவதற்காக.

ஜெய் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவன். இனி இரண்டு வருடம் ராணுவத்தில் கட்டாயத் தேசிய சேவை. முதல் நாள் மட்டும் பெற்றவர்களும் படகில் தெக்கோங் தீவுவரை கூடப் போகலாம். முகாமைச் சுற்றிப் பார்த்து, பிள்ளையோடு ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, அவனை அங்கே விட்டுத் திரும்ப வேண்டும்.

மற்ற தாய்மார்கள் அழுதுகொண்டு போகிற அந்தப் பயணத்துக்கு அமலா விடியற்காலையிலேயே எழுந்து புளியோதரை கிளறினாள். அவளுக்கு இன்று வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மூன்று பேரும் சேர்ந்து ஒரு நாள், சிரித்த முகமாக ஒரே ஒரு நாள், வெளியே போய்விட்டு வர வேண்டும். அவன் பெட்டிக்குள் எதை எடுத்துப் போகிறானோ இல்லையோ, அந்த ஒரு நாளை மனசுக்குள் எடுத்துப் போகட்டும் என்று நினைத்தாள்.

"அங்கயே சாப்பாடு போடுவாங்க. இத எதுக்குத் தூக்கிக்கிட்டு?" என்றான் அவள் கணவன் அழகேசன், டிபன் டப்பாவைப் பார்த்து.

"நீங்க லீவு போட்டிருக்கீங்கல்ல, அந்த அதிசயத்துக்குத்தான்" என்றாள் அமலா.

அதிசயம்தான். துவாஸ் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கும் அழகேசன், லீவை நெல் குதிரில் சேர்ப்பதுபோலச் சேர்ப்பவன். கேட்டால் ஒரே பதில்: "ஊர்ல ஏதாவது ஆச்சுன்னா?" ஏதாவது என்றால் அறந்தாங்கியில் இருக்கும் அவன் அப்பா சுப்பிரமணியம். ஒரே மகன், கொள்ளி வைக்க அவன்தான் போக வேண்டும். அந்த ஒரு பயணத்துக்காகப் பள்ளி விடுமுறைகள் எல்லாம் காத்துக் கிடந்தன. அவரோ ஆயுசு கெட்டியான மனிதர். வருடத்துக்கு ஒருமுறை கடைசி மூச்சு வாங்குவார், நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். அமலா அவர் சாக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் தன் பிள்ளையின் ஜூன் மாத விடுமுறைகள் ஏன் அவருடைய மூச்சோடு முடிச்சுப் போடப்பட வேண்டும் என்று நினைத்ததுண்டு.

ஆகவே வெளியே போவது என்றால் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா. கோவிலில் ஒரு கும்பிடு, தேக்கா சந்தையில் மீன், முருங்கைக்காய், கறிவேப்பிலை, ஃபேரர் பார்க்கில் ரயிலேறி வீடு. பை தூக்க ஜெய்யும் வருவான். அதற்குப் பெயர் ஊர் சுற்றுவது!

ஜெய்க்கு ஒன்பது வயதில் ஒருமுறை மட்டும் காரியம் கைகூடி வந்தது. சாங்கியிலிருந்து சின்னப் படகில் உபின் தீவுக்குப் போவதாக ஏற்பாடு. லீவுகூடப் போட்டாகிவிட்டது. அன்றும் புளியோதரைதான். செருப்பு மாட்டும் நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தது: அப்பாவுக்கு முடியவில்லை. அழகேசன் லீவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். பிள்ளை தலையில் மாட்டிய தொப்பியைக் கழற்றாமல், கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்றான். "அடுத்த தடவை போலாம்டா" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் அப்பன் போனான். தாத்தா அந்த வாரமே எழுந்து காபி கேட்டார்.

கடைசியில் அவர் நிஜமாகவே போனது கொரோனா காலத்தில். லீவு மலைபோல இருந்தது, விமானம்தான் இல்லை. தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த கைபேசியில், பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைப்பதை அழகேசன் பார்த்தான். நடுவில் படம் நின்று நின்று வந்தது. இலவு காத்த கிளி என்று படித்திருக்கிறோம், அமலா அன்றைக்கு வீட்டிலேயே பார்த்தாள். அவனைத் திட்டவும் மனம் வரவில்லை. வருடக் கடைசியில் அந்த லீவில் பாதி கம்பெனிக் கணக்கில் காலாவதியாகிக் கரைந்துபோனது. அதன்பிறகு அவன் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

பாசிர் ரிஸ்ஸில் இறங்கியதும் அமலா மகனின் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினாள். பக்கத்தில் மகனோடு நின்ற ஒரு சீனப் பெண்மணியிடம் கைபேசியைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னாள். மூவரும் நெருங்கி நின்றார்கள். அழகேசன்கூடச் சிரித்தான்.

அங்கிருந்து பஸ்ஸில் படகுத் துறைக்குப் போனார்கள். படகு பெரியது, குளிர்சாதனப் படகு. கரை விலகியதும் அழகேசன் பிள்ளையின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். என்ன பேசுவது என்று தெரியாமல் "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டான். "எடுத்துக்கிட்டேன்ப்பா" என்றான் ஜெய். அத்தோடு பேச்சு தீர்ந்தது. அமலாதான் இடதுபக்கம் பச்சையாகத் தெரிந்த தீவைக் காட்டி, "அதான் தெக்கோங்கா?" என்றாள்.

"இல்லம்மா, அது உபின். அந்தப் பக்கம் கல்லுக்குழி இருக்கு, இங்கேருந்து தெரியாது" என்றான் ஜெய், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

உனக்கு எப்படிடா தெரியும் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் படகு திரும்பிவிட்டது.

முகாமில் எல்லாவற்றையும் காட்டினார்கள்: கட்டில், அலமாரி, ஓடுகிற மைதானம். பிள்ளைகள் வரிசையாக நின்று உறுதிமொழி எடுத்தார்கள். பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் நீண்ட மேசை. தட்டில் சோறும் கோழியும். டிபன் டப்பாவை அமலா மடியிலேயே வைத்திருந்தாள். அழகேசன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினான். காலையிலிருந்து அவன் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஜெய், உன்னை முதல்ல வெளிய விடுற வாரம் நான் லீவு போட்டுட்டேன். நாம மூணு பேரும் உபின் போறோம். சின்ன வயசுல கேட்டியே."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று இன்னொரு நாளாக இருந்தால் அமலா சொல்லியிருப்பாள். இன்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகனின் முகத்தையே பார்த்தாள்.

ஜெய் சங்கடத்தோடு சிரித்தான். "உபினா? எனக்கு ரொம்பப் பழகின இடம் லா, அப்பா. எத்தனையோ தடவை போயிருக்கேன்."

"யார்கூட?"

"ஆமினா ஆன்ட்டி வீட்டோட."

ஆமினா பீவி அவர்கள் புளோக்கில் இரண்டு மாடி கீழே இருப்பவள். அவள் மகள் நஸீஹா ஜெய்யின் வகுப்புத் தோழி.

"அங்க படிக்கப் போறேன்னுதானே சொல்லுவ?" என்றாள் அமலா.

"சனிக்கிழமை முழுக்க யாரும்மா படிப்பாங்க?" ஜெய் கோழியைப் பிய்த்தபடி சொல்லிக்கொண்டே போனான். "பெருசா ஒண்ணும் இல்ல. பஸ் ஏறி பீச் போவோம், இல்லன்னா உபின்ல சைக்கிள். மழை வந்தா பஸ் ஸ்டாப்ல உக்காந்துக்கிட்டு ஆன்ட்டி கட்டிக் கொண்டாந்த நாசி லெமாக் சோத்தைச் சாப்பிடுவோம். செக்கண்டரி ஒன்ல எனக்கு ஸ்கூலுக்குப் போகவே பயமா இருந்துச்சு, பசங்க போட்டு வாட்டுவாங்க. ஒரு நாள் சைக்கிள் ஓட்டிக்கிட்டே நஸீஹாவோட அப்பாகிட்ட சொல்லிட்டேன். அவர்தான் ஸ்கூல்ல வந்து பேசினார்."

"எங்ககிட்ட ஏன்டா சொல்லல?" என்றாள் அமலா.

"வீட்ல எப்பச் சொல்றது? அப்பா டயர்டா வருவார். ஊர் சுத்துறதைச் சொன்னா, லீவு போட முடியலையேன்னு ஃபீல் பண்ணுவார். அதான் சொல்லல. கோபம் இல்லப்பா, சீரியஸ்லி."

கோபம் இல்லை என்று அவன் சொன்னது உண்மைதான். அதுதான் அமலாவைக் கொன்றது. கோபமாவது மிச்சம் இருந்தால் தாஜா செய்து தீர்க்கலாம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இங்கே யாரோ ஊட்டி வளர்த்திருக்கிறார்கள், இவர்கள் லீவை வளர்த்திருக்கிறார்கள். ஆமினா பீவியை லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் ஒரு சிரிப்போடு நிறுத்திக்கொண்டது நினைவுக்கு வந்து கூசியது.

அழகேசன் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டான். "அந்த வாரம் உனக்கு வேற பிளான் இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் தங்குறதுக்கு பீச் பக்கம் சாலே புக் பண்ணியிருக்காங்க. அடுத்த தடவை போலாம்ப்பா" என்றான் ஜெய். மனசார, அன்பாகத்தான் சொன்னான்.

விசில் ஊதினார்கள். ஜெய் அம்மாவை அணைத்தான், அப்பாவின் தோளைத் தட்டினான், வரிசையில் போய் நின்றான். பத்து முதுகுகளுக்கு நடுவே எது தன் பிள்ளையின் முதுகு என்று அமலாவுக்குச் சட்டென்று தெரியவில்லை.

திரும்பிவந்து கரை இறங்கியதும் அழகேசன் ரயிலடிக்குப் போகவில்லை. ஒரு டாக்சியை நிறுத்தி, சாங்கி கிராமத்துப் படகுத் துறைக்குப் போகச் சொன்னான். அமலா டப்பாவோடு ஏறிக்கொண்டாள். துறையில் ஈரக் காற்று அடித்தது. படகுக்காரக் கிழவர் பெஞ்சில் கால் நீட்டிப் படுத்திருந்தார். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். அங்கே இருந்ததோ இவர்கள் இரண்டு பேர்தான்.

"நவ் ஆல் கமிங் பேக் லா" என்றார் கிழவர், கையை ஆட்டி. "நோபடி கோ."

"முழுப் படகுக்கும் நானே குடுத்துடறேன்" என்றான் அழகேசன் தமிழிலேயே, யாரிடம் என்றில்லாமல். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அப்பாவின் சிதையைக் கைபேசியில் பார்த்தபோதுகூட அவன் அழவில்லை.

"நாம ரெண்டு பேரும் போயி என்னங்க பண்றது?" என்றாள் அமலா. "உக்காருங்க."

டப்பாவைத் திறந்தாள். புளியோதரை காலையில் கிளறிய மணத்தோடு அப்படியே இருந்தது. மூன்று பேருக்குச் செய்தது. இருவரும் ஆளுக்கொரு கை எடுத்தார்கள். உபினிலிருந்து ஒரு படகு வந்து நின்றது. அதிலிருந்து வெயிலில் கறுத்த ஒரு குடும்பம் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இறங்கிப் போயிற்று.

அழகேசன் காலையில் எடுத்த படத்தைக் காட்டச் சொன்னான். அமலா கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். இவர்கள் மூவரும் சேர்ந்து நிற்கிற படங்கள் எல்லாமே விமான நிலையத்தில் எடுத்தவை, எப்போதாவது ஊருக்குப் போகும்போது பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு. இது ஒன்றாவது வேறு மாதிரி இருக்கட்டும் என்றுதான் பாசிர் ரிஸ்ஸில் நின்று எடுக்கச் சொன்னாள்.

அழகேசன் நெடுநேரம் பார்த்தான். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், ஜெய்யின் காலடியில், அவனுடைய பெட்டி இருந்தது.