பிறந்த ஊருக்கு ஒரு கட்டம்

அபியோவின் கையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை ரிஸ்பா வெடுக்கென்று பிடுங்கினாள். இருபது வருஷ நர்ஸ் வேலையில் அவள் எந்த நோயாளியிடமும் இப்படி நடந்துகொண்டதில்லை.

"என்ன சிஸ்டர், தட்டுல போட்ட மீனைப் பூனை தூக்கின மாதிரி!"

"இது சல்ஃபா மாத்திரைடி! போன தடவை இதைத் தின்னுட்டுத்தானே உடம்பெல்லாம் தோல் உரிஞ்சு ஒரு மாசம் கிடந்தே?"

"எனக்கென்ன தெரியும்? கம்ப்யூட்டர்ல எழுதியிருக்குன்னு குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்."

கம்ப்யூட்டரில் எழுதியிருந்தது உண்மைதான். புது மென்பொருள் வந்து மூன்று நாள்தான் ஆகிறது. பழையதில் அபியோவின் பக்கத்தைத் திறந்தால் 'சல்ஃபா ஆகாது' என்று சிவப்பாக வரும். புதியதிலோ அவள் ஒரு வருஷமாக அதே மாத்திரையைத் தின்று சௌக்கியமாக இருக்கிறாள். அது வேறு ஒரு அபியோ ஒகுமு! இந்த ஏரிக்கரையில் இரட்டையில் முதலில் பிறந்த பெண்ணெல்லாம் அபியோதான். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று. பேரும் தேதியும் ஒன்றாக இருக்கவே, இரண்டு பேரும் ஒருத்தியே என்று அந்தப் புத்திசாலி முடிவு கட்டிவிட்டது. சந்தையில் நிற்கிற சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், ஒருத்தி அலேகோக்காரி, இன்னொருத்தி உகென்யாக்காரி என்று. கட்டிக்கொண்டு வந்தவளைப் பிறந்த ஊர் சொல்லித்தானே கூப்பிடுவது!

பழைய மென்பொருளில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. அந்த மென்பொருளை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். ஆறு வருஷம் முன்பு இதே குழப்பத்தை ரிஸ்பா சொன்னபோது, எல்டோரெட் நகரத்திலிருந்து செபெட் என்ற பெண் மட்டாட்டு வேன் பிடித்து வந்து, உகாலிக் களியும் மீனும் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலத்துக்குள் கட்டத்தைச் சேர்த்துவிட்டுப் போனாள். அதிலிருந்த ஒரு பிழையை முகம் தெரியாத மலாவிக்காரர் ஒருவர் திருத்தி அனுப்பினார்.

அந்தப் பழைய கம்ப்யூட்டரை இன்று பகல் பன்னிரண்டுக்கு அணைத்து எடுத்துப்போக வேண்டுமாம். அதற்கான கடிதத்தில் கையெழுத்துப் போட மாவட்ட அதிகாரி ஒடோங்கோ ஒபாரே உள்ளே உட்கார்ந்திருந்தார். ரிஸ்பா பொட்டலத்தை அவர் மேஜைமேல் எறியாத குறையாக வைத்தாள்.

"சார், ஒருத்தி சாகப் பார்த்தா. புதுசுல பிறந்த ஊருக்கு ஒரு கட்டம் போடச் சொல்லுங்க."

"கம்பெனிக்கு எழுதணும் சிஸ்டர். அடுத்த வருஷ ஒப்பந்தத்துல பார்ப்பாங்க."

"அதுவரைக்கும் வந்தது எந்த அபியோன்னு நான் சீட்டுக் குலுக்கிப் பார்க்கவா?"

"ஓசியில வந்ததுமேல இவ்வளவு பாசமா? சும்மா கிடைச்சது சும்மாதான்."

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "ஏரியும் ஓசிதான் சார். அதுல மீன் பிடிச்சுத்தான் உங்கப்பா உங்களைப் படிக்க வச்சாரு."

அவர் பேனாவைத் திறந்தார். ரிஸ்பா புதுக் கம்ப்யூட்டரில் அவர் பேரை அடித்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"உங்களுக்கும் ஜனவரி ஒண்ணுதானே? படிங்க."

ஒடோங்கோ படித்தார். எட்டு மாதம் காசநோய் மருந்து. ஏப்ரல் ஒன்பதாம் தேதி மரணம். அவர் மறுபடியும் படித்தார்.

"இது... நான் இல்லையே."

"அதைக் கம்பெனிக்கு எழுதுங்க. அடுத்த வருஷம் உங்களை எழுப்பி விடுவாங்க." வாசலில் நின்ற அபியோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ரிஸ்பா பழைய கம்ப்யூட்டரைத் திருப்பினாள். "இதுல பாருங்க, ஆம்பளைக்கு அம்மா பிறந்த ஊர். ஒடோங்கோ ஒபாரே, சக்வாக்காரி மகன். அம்மாவைப் பார்க்க வந்தப்ப மலேரியா, ஊசி போட்டோம், குணமாச்சு. இந்த ஆஸ்பத்திரியில நீங்க உயிரோட இருக்கிறது இது ஒண்ணுலதான். அணைக்கணும்னா அணைங்க."

மணி பன்னிரண்டு அடித்தது. ஒடோங்கோ பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.